இந்திராணி எடுக்காத காப்பி

இந்திராணி எதையும் முழுக்கப் படிப்பவள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதம், குக்கரோடு வரும் விளக்கப் புத்தகம், கரண்டு பில்லின் பின்பக்கம், எதையும் விடமாட்டாள். அவள் கணவன் சபாபதி ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் கண்டக்டர். "டிக்கெட்டுக்குப் பின்னாடி இன்னா அச்சடிச்சிருக்குதுன்னு இவ சொல்லித்தான் எனக்கே தெரியும்" என்று டிப்போவில் சொல்லிச் சிரிப்பான். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவள் பிறந்தது தாமலில். இரண்டு தறி ஓடும் வீடு. பி.காம். முடித்த கையோடு கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தாள். 1999-இல் காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருந்த நமச்சிவாயம், டிசைன் போடக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதை இயக்க ஆள் தேடியபோது இந்திராணிக்கு வேலை கிடைத்தது. சென்னையில் ஒரு மாதம் பயிற்சி. பயிற்சிக்குப் போன ஐந்து பேரில் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்தது அவள் மட்டும்தான்.

பட்டுப்புடவையின் கரையிலும் முந்தியிலும் வரும் அன்னமும் யாளியும் நேரே தறிக்குப் போவதில்லை. முதலில் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். பிறகு அந்தப் புள்ளிகளைப் பார்த்து அட்டைகளில் துளை குத்துவார்கள். அந்த அட்டைகளைக் கோர்த்துத் தறியின் தலையில் மாட்டினால், துளை இருக்கும் இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் படுக்கும். ஒரு துளை தவறினால் மயிலுக்குக் கண் போய்விடும். முன்பெல்லாம் தாளில் கையால் வைத்த புள்ளிகளை இந்திராணி கம்ப்யூட்டரில் வைத்தாள். மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு ஃபேன், ஒரு பிரிண்டர். அந்த அறையில் ஏழு வருடம்.

நமச்சிவாயம் கெட்டவர் இல்லை. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய "ம்மா". இந்திராணியின் பிள்ளைக்கு அம்மை போட்டபோது பத்து நாள் லீவு கொடுத்துவிட்டு இளநீரும் அனுப்பினார். ஆனால் டிசைன் விஷயத்தில் மட்டும் பெற்ற தாயைக்கூட நம்பமாட்டார். அதற்குக் காரணம் இருந்தது. 1998-இல் 'தேர்வடம்' என்று அவர் ஆசையாகப் போட்ட ஒரு கரை, அவர் கடைக்கு வருவதற்கு ஐந்து நாள் முன்னாலேயே, எதிர்ச்சாரியில் இருந்த கண்ணாயிரத்தின் கடைக் கண்ணாடிக்குள் தொங்கியது.

அன்றிலிருந்து கட்டுக்காவல். ஒரு டிசைன் ஓடி முடிந்ததும் அதன் அட்டைகளைக் கடைக்குப் பின்னால் குவித்துத் தன் கண்முன் எரிக்கச் செய்தார். கம்ப்யூட்டரில் இருந்த சி.டி. டிரைவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஃப்ளாப்பி போடும் வாயை அரக்கு வைத்து அடைத்தார். சாயங்காலம் இந்திராணி இறங்கி வரும்போது அவள் கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும். சாப்பாட்டு டப்பாவைக்கூட.

"தப்பா நெனைச்சுக்காதம்மா. சட்டம்னா எல்லாருக்கும்தான்" என்பார்.

எல்லாரும் என்பதில் சின்னப்பையன் சேரவில்லை. சின்னப்பையனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாக அட்டை குத்துபவர். கம்ப்யூட்டர் அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று, இந்திராணி அச்செடுத்துத் தரும் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். "அந்த மெஷினைத் தொட்டா ஷாக் அடிக்கும்மா" என்பார். நமச்சிவாயம் அவரைக் காட்டி, "மனுசன்னா இப்படி இருக்கணும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார்.

2005-இல் நமச்சிவாயத்தின் மகன் விக்னேஷ் ஒரு யோசனை சொன்னான். என்ஜினியரிங் மூன்றாம் வருடம், மெக்கானிக்கல். வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எதற்கும் அவன் வைத்ததுதான் தீர்ப்பு.

"அப்பா, டிசைனெல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்தாத்தானே திருடுவாங்க? யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கி அதுல போட்டுக்குவோம். சாயங்காலம் கழட்டிக்கினு நீங்க வீட்டுக்குப் போயிடுங்க. கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இருக்காது."

நமச்சிவாயத்துக்கு இது அமுதமாக இனித்தது. சின்ன டைரி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. எழுநூற்றுச் சொச்சம் டிசைன்களும் அதற்குள் போயின. கம்ப்யூட்டரில் இருந்தவை அவர் முன்னிலையிலேயே அழிக்கப்பட்டன. காலையில் அவர் டிஸ்கைக் கொண்டுவந்து கொடுப்பார், இந்திராணி நாளெல்லாம் அதில் வேலை செய்வாள், ஆறரைக்கு அவர் மாடியேறி வந்து எடுத்துக்கொள்வார். இரவில் அது வீட்டுப் பீரோவில் மனைவியின் நகைகளுக்குப் பக்கத்தில் இருக்கும்.

டிஸ்க் வந்த பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. அதை இந்திராணி படித்தாள். திரையில் வேலை முடிந்ததாகக் காட்டினாலும் டிஸ்குக்குள் எழுத வேண்டியது கொஞ்சம் பாக்கி இருக்கலாம். அதனால் சட்டென்று பிடுங்கக் கூடாது. திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தெரியும் பச்சை அம்பை அழுத்தி, 'இப்போது எடுக்கலாம்' என்று செய்தி வந்த பிறகே வயரைக் கழற்ற வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

முதல் நாள் சாயங்காலம் நமச்சிவாயம் வயரில் கை வைத்தபோது அவள் பதறிப்போனாள்.

"இருங்க மொதலாளி, ஒரு நிமிசம்."

"இன்னாத்துக்கு?"

"எடுக்கப்போறோம்னு அதுக்கு முதல்ல சொல்லணும். அது சரின்னு சொன்னப்புறம்தான் எடுக்கணும்."

"என் டிஸ்கை நான் எடுக்கறதுக்கு யாரு சரின்னு சொல்லணும்?"

"கம்ப்யூட்டர்."

நமச்சிவாயம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு இந்திராணியைப் பார்த்தார். அவள் பச்சை அம்பை அழுத்தினாள். சிறிது நேரத்தில் செய்தி வந்தது. அவர் டிஸ்கை எடுத்துக்கொண்டு போனார். ராத்திரி சாப்பிடும்போது மகனிடம் கேட்டார்.

"அதெல்லாம் சும்மாப்பா" என்றான் விக்னேஷ். "காலேஜ்ல நாங்கல்லாம் டெய்லி புடுங்கறோம். ஒண்ணும் ஆவாது."

அந்த ராத்திரிதான் நமச்சிவாயத்தின் மனதில் விதை விழுந்தது. அவசியமே இல்லையென்றால், அந்த ஒரு நிமிடத்தில் இவள் என்ன செய்கிறாள்?

இந்திராணிக்கு இது தெரியாது. முதலாளிக்குக் காத்திருப்பது பிடிக்கவில்லை என்று மட்டும் புரிந்தது. அதனால் ஆறேகாலுக்கே வேலையை முடித்து, முறையாக டிஸ்கைக் கழற்றி, துணியால் துடைத்து மேஜைமேல் தயாராக வைத்தாள். ஆறரைக்கு வந்தவர் முகம் இருண்டது.

"யாரு கழட்டினது?"

"நான்தான் மொதலாளி. நீங்க நிக்க வேணாமேன்னு..."

"கால் மணி நேரமா அது சும்மா உன் கையில இருந்துதா?"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. காது மடல் சூடாகிவிட்டது. மறுநாளிலிருந்து புதுச் சட்டம் வந்தது. டிஸ்கை நமச்சிவாயம் தவிர வேறு யாரும் கழற்றக் கூடாது. பச்சை அம்பை வேண்டுமானால் அவள் அழுத்தலாம், ஆனால் அவர் வந்த பிறகு, அவர் பார்க்க. அவர் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பார். சில நாள் நாலே விநாடியில் செய்தி வந்துவிடும். சில நாள், ஏதாவது டிசைன் திறந்திருந்தால், 'இப்போது நிறுத்த முடியாது, பிறகு முயலவும்' என்று வரும்.

"இன்னாம்மா சொல்லுது?"

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுது."

"அது சொல்லுதா, நீ சொல்றியா?" என்று கேட்டுக்கொண்டே வயரைப் பிடுங்கிவிடுவார்.

மறுநாள் காலையில் டிஸ்க் ஒழுங்காக வேலை செய்யும். "பார்த்தியா? ஒண்ணும் ஆவலை" என்று சொல்லிவிட்டுக் கீழே போவார்.

ஆகாமல் இல்லை. அப்படிப் பிடுங்கியதில் மூன்று முறை ஏதோ ஒரு டிசைன் திறக்கவே மறுத்தது. ஒன்று ருத்ராட்சக் கரை, ஒன்று கல்யாண முந்தி, மூன்றாவது நாலு நாள் வேலை. மூன்றையும் இந்திராணி மத்தியானச் சாப்பாட்டு வேளையில், தயிர்சாத டப்பாவைத் திறக்காமலே ஓரமாக வைத்துவிட்டு, பழைய அச்சுத் தாளைப் பார்த்து மறுபடி போட்டாள். சொன்னால் 'நீதான் ஏதோ பண்ணிட்டே' என்று திரும்பும் என்று பயம். ஒண்ணும் ஆவாது என்ற முதலாளியின் நம்பிக்கை இப்படி அவளுடைய மத்தியானப் பசியில் வளர்ந்தது.

2006 புரட்டாசியில் ஒரு பிரதோஷம். தீபாவளிக்கும் தை மாதக் கல்யாணங்களுக்கும் சேர்த்து ஆர்டர் வரும் காலம். டிசைன்களையெல்லாம் வரிசை எண் போட்டு ஒழுங்குபடுத்தச் சொல்லியிருந்தார் நமச்சிவாயம். டிஸ்க் முழுவதையும் புரட்டி அடுக்கும் வேலை. திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் பதினொரு நிமிடம் என்று காட்டியது. வழக்கமாக ஆறரைக்கு வருபவர் அன்று நாலரைக்கே வந்துவிட்டார். கோயிலுக்குப் போய் அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போவதாகத் திட்டம்.

"குடும்மா, நேரமாச்சு."

"மொதலாளி, இன்னும் பதினொரு நிமிசம் ஆவும். எழுதிக்கினு இருக்குது. இப்ப எடுக்கவே கூடாது."

"நந்திக்கு அபிஷேகம் பதினொரு நிமிசம் நமக்காக நிக்குமா?"

"அப்ப டிஸ்க் இங்கியே இருக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கியே உக்காந்துக்கினு இருக்கேன்."

அவள் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை அதுதான். நமச்சிவாயம் அவளை ஒரு முறை ஆழமாகப் பார்த்தார். "அதானே" என்றார். வயரைப் பிடுங்கினார். திரையில் எச்சரிக்கை ஒன்று எழும்பி, அதன்மேல் இன்னொன்று எழும்பியது.

"எழுதிக்கினு இருந்துது மொதலாளி" என்றாள் இந்திராணி, அழுகை வரும் குரலில்.

"மிச்சத்தை நாளைக்கு எழுதட்டும்."

டிஸ்க் அன்று ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய், கூட்டத்தில் நெருங்கி நின்று, பிரதோஷம் பார்த்துவிட்டு வீடு திரும்பியது.

மறுநாள் காலையில் அதை மாட்டியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது. 'இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை. இப்போது செய்யட்டுமா?' இந்திராணி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்று விக்னேஷுக்குக் காலேஜ் லீவு. நமச்சிவாயம் போன் செய்ததும் பைக்கில் வந்துவிட்டான்.

"ஃபார்மேட் கேக்குதுப்பா. குடுத்தா சரியாயிடும்."

"தம்பி, வேணாம்" என்றாள் இந்திராணி. "குடுத்தா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும். மெட்ராஸ்ல இதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க. அப்படியே தொடாம கொண்டுபோயிடலாம்."

"அக்கா, பயமுறுத்துறதுக்கு அப்படித்தான் சொல்லுவாங்க. எல்லாத்துக்கும் பயந்துக்கினே இருந்தா எப்படி?"

அவன் 'சரி' என்பதை அழுத்தினான். கொஞ்ச நேரத்தில் டிஸ்க் பளிச்சென்று திறந்தது.

"பார்த்தீங்களா? ஓப்பன் ஆயிடுச்சு."

நமச்சிவாயம் இந்திராணியை வெற்றிப் பார்வை பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"உள்ள ஒண்ணும் காணோமேப்பா?"

விக்னேஷ் தலையைச் சொறிந்தான். டிஸ்கில் கோளாறா என்று பார்க்க, தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து நாலு சினிமாவை அதில் ஏற்றினான். நாலும் ஒழுங்காக ஏறின. ஒன்றை ஓட்டியும் காட்டினான்.

"டிஸ்க் சூப்பரா இருக்குதுப்பா. டிசைன்தான் போயிடுச்சு."

அதன் பிறகுதான் மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். டிஸ்கைப் பார்த்த ஆள் முதலில் கேட்ட கேள்வி, "இதுமேல எதையாச்சும் காப்பி பண்ணீங்களா?" என்பதுதான். விக்னேஷ் கூரையைப் பார்த்தான். மூன்று நாள் கழித்து, பெயரும் இல்லாமல் எண்ணும் இல்லாமல் துண்டு துண்டாக நிறையக் கிடைத்தது. திறந்து பார்த்தபோது முழுசாக நின்றது இருபத்தாறு டிசைன். மற்றதில் ஒரு மயிலுக்கு இடுப்புக்குமேல் எல்லாம் இருந்தது, கீழே மழை பெய்வதுபோல வெறும் கோடுகள்.

எரித்த அட்டைகள் சாம்பலாகி வருடங்கள் ஆகியிருந்தன. அச்சுத் தாள்களையும் வருடக் கடைசியில் அட்டைகளோடு சேர்த்து எரிப்பதுதான் வழக்கம். அந்த நேரத்தில் தறியில் ஓடிக்கொண்டிருந்தவை முப்பதோ நாற்பதோதான்.

அன்று சாயங்காலம் நமச்சிவாயம் மாடிக்கு வந்து, கதவைச் சாத்தி, ஸ்டூலை இழுத்துப்போட்டு இந்திராணிக்கு எதிரே உட்கார்ந்தார். குரல் கெஞ்சலாக இருந்தது.

"இந்திராணி, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். நெசத்தைச் சொல்லிடும்மா. நீ காப்பி எடுத்து வச்சிருக்கே இல்ல?"

"இல்லீங்க மொதலாளி."

"போலீசுக்கெல்லாம் போவமாட்டேன். சாமி சத்தியம். எங்க வச்சிருக்கே சொல்லு, நானே வந்து வாங்கிக்கறேன்."

"எடுக்கலீங்க."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்லை."

நமச்சிவாயத்தின் தோள்கள் தொங்கிவிட்டன. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழு வருசம்மா. நீ எடுத்திருப்பேன்னு ஏழு வருசமா நம்பிக்கினு இருந்தேனேம்மா. இப்படிக் கைவிட்டுட்டியே."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வாசலில் அன்று யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை. பழக்கத்தில் அவளாகவே நின்று திறந்து காட்டினாள். காட்டிய பிறகுதான், பார்ப்பதற்கு எதிரில் ஆள் இல்லை என்பதைக் கவனித்தாள்.

வீட்டில் சபாபதியிடம் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒரு ரெண்டு மூணாவது எடுத்து வச்சிருக்கலாம் இல்ல?" என்றான்.

அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அதுவும் முடிந்த பிறகு, பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது சிரிப்பு வந்தது. திருடாமல் இருந்ததற்காக ஒருத்தியை இத்தனை பேர் கோபித்துக்கொள்வார்கள் என்று எந்தத் தாளிலும் அவள் படித்ததில்லை.

செய்தி ஊரெல்லாம் பரவியது. நாலாம் நாள் கண்ணாயிரம் துக்கம் விசாரிக்க வந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி, வெள்ளைச் சட்டை. நமச்சிவாயமும் அவரும் தூரத்துப் பங்காளிகள். 'தேர்வடம்' சமாச்சாரத்துக்குப் பிறகு எட்டு வருடமாகப் பேச்சு இல்லை. சாவு வீட்டில் உட்காருவதுபோல் தலை குனிந்து உட்கார்ந்தார். காபி வந்தது. குடித்தார். மாடியிலிருந்து இறங்கி வந்த இந்திராணி படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள்.

"மனசை விட்டுடாதீங்கண்ணே" என்றார் கண்ணாயிரம். "உங்க டிசைன் மாதிரி கொஞ்சம் நம்மகிட்ட இருக்குது."

"மாதிரின்னா?"

"மாதிரின்னா... அதேதான்."

"எவ்ளோ?"

"ஒரு முந்நூத்தி நாப்பது இருக்கும். அட்டையா இருக்குது. பத்திரமா வச்சிருக்கோம். நாங்க எரிக்கறதில்லை."

நமச்சிவாயம் எழுந்து நின்றார். "எப்படி வந்துது உன்கிட்ட?"

"அதைக் கேக்காதீங்கண்ணே. எங்களோட அன்னக்கொடி முந்தி உங்ககிட்ட எப்படி வந்துதுன்னு அப்புறம் நானும் கேக்க வேண்டி வரும்."

நமச்சிவாயம் உட்கார்ந்தார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"எழுநூத்துக்கு மேல இருந்துதேப்பா. மீதி?"

கண்ணாயிரம் தயங்கினார். "மீதியெல்லாம் நாங்க எடுக்கலைண்ணே. அது ஓடாது."

பறிகொடுத்ததைவிட இந்தப் பதில்தான் நமச்சிவாயத்தை அதிகம் காயப்படுத்தியது என்று பிற்பாடு சொன்னார்கள். அந்த மீதியில் பெரும்பாலானவை அவரே யோசித்துச் சொன்னவை. அவை ஓடவும் இல்லை.

மறுநாள் ஒரு மினிவேனில் அட்டைக் கட்டுகள் வந்து இறங்கின. இறக்கியவர்களில் சின்னப்பையனும் இருந்தார். ஒவ்வொரு கட்டிலும் நீலப் பென்சிலில் எண். ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே செருகிய முடிச்சு. கடைப் பின்கட்டில் தினமும் பார்க்கிற முடிச்சு. இந்திராணி முதலில் கவனித்தாள். நமச்சிவாயம் கொஞ்சம் தாமதமாக.

"சின்னப்பையா."

"சொல்லுங்க மொதலாளி."

"இது உன் முடிச்சுதானே?"

சின்னப்பையன் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தார். "ஆமாங்க. இதான் அவுராது."

கண்ணாயிரத்துக்கு வேண்டிய ஒவ்வொரு டிசைனுக்கும் இரண்டு செட் குத்தியிருக்கிறார். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். கண்ணாயிரத்தின் அன்னக்கொடி இந்தப் பக்கம் வந்ததும் இதே கையால்தான். கம்ப்யூட்டரையே தொடாத மனிதருக்குக் கழற்றிய சி.டி. டிரைவும் அரக்கு வைத்த வாயும் எந்த இடைஞ்சலும் செய்யவில்லை.

திட்டினால், கடையை மிச்சம் வைத்தவரைத் திட்டியதாகும். பாராட்டினால் திருட்டைப் பாராட்டியதாகும். நமச்சிவாயம் அந்தக் கட்டை வாங்கிக் கீழே வைத்தார். கடைசியில், "வெயில்ல நிக்காதே. காபி சாப்பிடு" என்றார்.

அட்டையிலிருந்த துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதைச் செய்யக்கூடியவள் ஒருத்திதான். "நாளைக்கே ஆரம்பிச்சுடும்மா" என்றார் நமச்சிவாயம். இந்திராணி நாற்காலியில் உட்காரவில்லை.

"இனிமே டிஸ்கை நான்தான் கழட்டுவேன் மொதலாளி. எவ்வளவு நேரம் ஆனாலும் நீங்க நிக்கணும். இல்லைன்னா கீழ உக்காருங்க. இன்னொரு டிஸ்க் வாங்கணும், ரெண்டுலயும் எல்லாம் இருக்கணும். என் பையை யாரும் தொறக்கக் கூடாது. இதுக்கெல்லாம் சரின்னா நான் செய்றேன்."

ஏழு வருடத்தில் அவள் அவரிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. நமச்சிவாயம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இரண்டாவது டிஸ்க் மறுவாரமே வந்தது. சாயங்காலம் இரண்டையும் ஒரே பையில் போட்டு ஒரே பீரோவில் வைத்தார்.

"வேற வேற எடத்துல வைக்கணும் மொதலாளி. ஒரே எடத்துல வச்சா எதுக்கு ரெண்டு?"

"ரெண்டும் என் கண்ணு முன்னாடி இருக்கணும்மா. அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்."

அதற்குமேல் அவள் வாதாடவில்லை.

முந்நூற்று நாற்பது டிசைனும் ஏற எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் அவளுக்கு ஒன்று தெரியவந்தது. அவள் பழைய நாளில் செய்திருந்த சின்னச் சின்னப் பிழைகள் அட்டைகளில் இல்லை. ஓர் அன்னத்தின் கழுத்தில் தவறிப்போய் வைத்த புள்ளி, ஒரு கொடியில் விட்டுப்போன இலைக்காம்பு, எல்லாம் அட்டையில் சரியாக இருந்தன. முதலில் தனக்குத்தான் ஞாபகப் பிசகு என்று நினைத்தாள். பத்துப் பன்னிரண்டு பார்த்த பிறகு பின்கட்டுக்குப் போனாள்.

"அண்ணே, நான் தப்பா போட்டதையெல்லாம் நீங்க மாத்தினீங்களா?"

"கண்ணுக்குத் தப்பாத் தெரிஞ்சா கை கேக்காதும்மா" என்றார் சின்னப்பையன், அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மொதலாளி காதுல விழும். உன்னைத்தான் கேப்பாரு. ரெண்டு செட்லயும் சரியாத்தான் குத்தியிருக்கேன், கவலைப்படாதே."

அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று இந்திராணி பல நாள் முயன்றாள். ஏழு வருடம் பை திறந்து காட்டியது இவர் செய்த வேலைக்காகத்தானே? ஆனால் தான் போட்டதைப் புள்ளி விடாமல் பார்த்த ஒரே ஆள் இவர்தான் என்று நினைக்கும்போது அந்தக் கோபம் பாதியில் நின்றுவிடும்.

2008-இல் அவள் வேலையை விட்டுவிட்டாள். பிள்ளையார்பாளையத்தில் வீட்டு முன்னறையில் சொந்தமாக டிசைன் சென்டர் வைத்தாள். முதல் வாரத்திலேயே கண்ணாயிரம் வேலை கொடுத்தார். இரண்டாம் வாரம் நமச்சிவாயமும் கொடுத்தார். ஆரணியிலிருந்துகூட ஆள் வந்தது. எல்லாருக்கும் கண்ணாயிரம்தான் சிபாரிசு.

"அந்தப் பொண்ணை நம்பிக் குடுக்கலாம். நமச்சிவாயம் அண்ணன் கடையே முழுகிப்போனப்பகூட, ஒரு காப்பியும் இல்லைன்னு கையை விரிச்சவ. இதைவிட சர்ட்டிபிகேட்டு இன்னா வேணும்?"

இந்திராணி இதை வளரவிடவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொன்னாள். "உங்க டிசைனை நான் மூணு காப்பி எடுத்து வைப்பேன். யாருக்கும் தரமாட்டேன். ஆனா எடுப்பேன். சம்மதம்னா குடுங்க."

அவர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள். தன்னடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவரும் நம்பவில்லை.

மூன்று டிஸ்கில் ஒன்று வேலை செய்யும் இடத்தில், ஒன்று டிப்போவில் சபாபதியின் டிரங்குப் பெட்டியில், மூன்றாவது தாமலில் அம்மா வடிவு வீட்டில். பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை, புதிதாக ஏற்றிய டிஸ்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். அம்மா பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

மகள் பதினைந்து நாளுக்கொரு தரம் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வருவதும், அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பீரோவைத் திறப்பதும் பக்கத்து வீட்டுப் பெண்களின் கண்ணில் படாமல் இல்லை. நகைதான் சேர்க்கிறாள் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. ஒருத்தி நேராகவே கேட்டாள்.

"எவ்ளோ சேந்துக்குதுக்கா?"

"எனக்கு இன்னாடி தெரியும்? அவ குடுக்கறா, நான் வைக்கறேன்" என்றாள் வடிவு. இல்லை என்று மட்டும் அவள் சொல்லவில்லை.